மூடி கழற்றாத துவக்கு

என்னால் ஒரு கண்ணை மட்டும் மூட முடியாது. ஒன்றை மூடினால் மற்றதும் கூடவே மூடிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவர் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். சுவிஸில் சனிக்கிழமைகளில் துவக்குச் சுடப் போகும் சங்கத்தில் அவர் உறுப்பினர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு சாப்பாடும் செரிக்காது.

இந்த முறை மாதா கோயில் பெருநாளுக்கு வந்தபோது, அங்கே பலூன் சுடும் கடையின் காற்றுத் துவக்கில் பூட்டவென்று ஒரு குட்டிக் குழாய் கொண்டுவந்தார். அதற்குள் பார்த்தால் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியைப் பலூன் மேல் வைத்து விசையை இழுக்க வேண்டியதுதான்.

"உனக்கு உது சரிவராது பிள்ளை. ஒரு கண்ணை மூட வேணும்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் வெண்டால் பெருநாள் கூழை நீங்கள்தான் காய்ச்ச வேணும், அத்தான்."

"ஓம், அதுக்கென்ன."

நண்டு போட்ட அந்தக் கூழைக் காய்ச்சுவது எப்போதும் என் தலையில்தான் விழும். என் கணவர் உட்பட எல்லோரும் வட்டமாக இருந்து, பலா மரத்துப் பிலாவிலையைக் கோலிக் குடிப்பார்கள். நான் அகப்பையும் கையுமாக நிற்பேன். என் முறை வரும்போது பானையில் நண்டின் வாசம் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு தடவையாவது அந்த வட்டத்தில் உட்கார்ந்து, சுடச்சுட ஒரு நண்டுக்கால் கடிக்க வேண்டும். வேறு பேராசை எனக்கில்லை.

நிறத்தைச் சொல்லிவிட்டுத்தான் சுட வேண்டும் என்று பேச்சு. கடையில் முதலில் அத்தான் குழாயைப் பூட்டித் துவக்கைத் தூக்கினார். குழாயின் முன்பக்க மூடியைக் கழற்ற அக்கா விடவில்லை. அவள் வீட்டில் எதற்கும் உறை கழற்றுவதில்லை. சோபாவில் உட்கார்ந்தால் பொலித்தீன் சரசரக்கும்.

"கழட்டாதேங்கோ. கடற்காத்துக்குக் கண்ணாடி மங்கிப்போம்."

"மூடியோட எப்பிடியப்பா சுடுறது?"

"புள்ளி தெரியுதுதானே?"

அத்தான் வழக்கம்போல் இடக்கண்ணை மூடினார். "இருட்டுக்குள்ளை சுருட்டு நெருப்புப்போலக் கிடக்கு," என்றார். சுட்டார். பின்னால் கட்டியிருந்த படங்குத் துணியில் ஓட்டை விழுந்தது.

அதன்பிறகுதான் அவருக்குச் சங்கத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்தால் மூடியோடும் சுடலாமாம். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மற்றது பலூனைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிக் காட்டும். "சிவப்பு," என்றார். மஞ்சள் வெடித்தது. "நீலம்," என்றார். பச்சை வெடித்தது. கடைசிவரை, சொன்னதற்கு ஒரு பலூன் வலப்பக்கம் தள்ளித்தான் வெடித்தது. அவருடைய மூளை கொஞ்சம் கோணலாக ஒட்டுகிறது என்று எனக்கு விளங்கியது. அவர் துவக்கைத் திட்டினார்.

என் முறை. கண்ணைத் திறந்து வைத்திருக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. "வெள்ளை," என்றேன். அதற்கு இடப்பக்கத்து ரோஸ் வெடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அதே கோளாறுதான், திசை மட்டும் வேறு. சரி, கோளாறு இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்ததற்கு "நீலம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வலப்பக்கத்துச் சிவப்பில் புள்ளியை வைத்தேன். நீலம் வெடித்தது. மிச்சமும் அப்படியே.

"உவள் குறிவைச்சது வேறை எங்கையோ," என்றார் அத்தான்.

"சொன்னது வெடிச்சதோ இல்லையோ?" என்றாள் அக்கா.

மறுநாள் அத்தான் கூழ் காய்ச்சினார். அக்காவின் புது அகப்பையில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டுகூடக் கழற்றப்படவில்லை. நான் வட்டத்தில் உட்கார்ந்து பிலாவிலையை நீட்டினேன். அகப்பையில் பெரிய நண்டுக்கால் ஒன்று வந்தது. அவர் என் இலையைப் பார்த்து, குறிவைத்து, ஊற்றினார். நண்டுக்கால் அவருக்கு வலப்பக்கமாகப் போய், பக்கத்தில் இருந்த என் கணவரின் இலையில் விழுந்தது.

கணவர் வாய் திறப்பதற்குள் நான் அதை எடுத்துக் கடித்துவிட்டேன். உறைப்புக் கூடிப்போயிருந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. எழும்பவில்லை, அங்கேயே இருந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி இலையை நீட்டினேன்.