கடை போனில் மகளின் படங்கள்

புது போன் வாங்க நானும் கணவரும் நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனோம். விலை உயர்ந்த இரண்டு போன்களில் எதன் திரை நன்றாக இருக்கிறது என்று பார்க்க, இரண்டிலும் என் மெயிலில் லாகின் செய்து, மகள் தேவாலயத்தில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய படங்களைப் பார்த்தேன். முடிவு செய்யாமலே மூலக்குளம் திரும்பினோம்.

வீட்டில் என் பழைய போனைத் திறந்தால், மகளின் படங்களுக்கு நடுவே நாக்கை நீட்டியபடி முன்பின் தெரியாத ஓர் இளைஞன்!

"யாரு இவன்?" என்றார் கணவர்.

அவன் பின்னால் அந்தக் கடை தெரிந்தது. ஒரு போனில் மட்டுமே லாக் அவுட் செய்திருக்கிறேன்! இன்னொன்றில் அவன் எடுத்த படம் என் கணக்கு வழியாக என் போனுக்கும் வந்துவிட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் மகளின் படங்களைப் பார்க்கலாம். பதறி ஓடினோம்.

"தினம் யாராவது இப்படி விட்டுட்டுப் போறாங்க மேடம்" என்றபடி விற்பனையாளர் என் கணக்கை நீக்கினார்.

இப்போதெல்லாம் கடையில் திரையைச் சோதிக்க லாகின் செய்வதில்லை; எதிரே நிற்கும் கணவரைத்தான் படம் எடுத்துப் பார்க்கிறேன். கிளம்பும்போது அவரே கேட்கிறார்: "இன்னொண்ணுலயும் என் படத்தை அழிச்சிட்டியா?"