நூறு மூஞ்சி

உதடுகளைச் சேர்த்து, கன்னங்களைத் தளர்த்தி, எதிரே நிற்பவர்களின் தலைக்கு மேல் எங்கோ தூரத்தில் பார்வையை நிறுத்திக்கொண்டு அவர் அசையாமல் நிற்கிறார். பக்கத்தில் எகிப்து மன்னர் ஒருவரின் கருங்கல் தலை. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்க்கும் கூட்டம் மெல்ல அடங்குகிறது. அடங்கிய பிறகே அவர் முகத்தைக் கலைக்கிறார்.

"பாத்தீங்களா, இவரு நம்மளப் பாக்கவே இல்ல. நமக்குப் பின்னாடி என்னத்தையோ பாக்குறாரு. சாவே இல்லாதவங்க இப்படித்தான் பாப்பாங்கன்னு செதுக்கினவன் நெனச்சிருக்கணும்."

அவர் அருங்காட்சியகத்தின் வழிகாட்டி. ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான பெண்மணி. பளிங்குத் தரையில் நாள் முழுக்க நடப்பதால் தட்டையான துணிச் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, தொண்டைக்கு ஒரு மிட்டாய். எந்தச் சிலை முன்னால் நின்றாலும் முதலில் அதன் முகத்தைத் தன் முகத்தில் செய்து காட்டிவிட்டுத்தான் வாய் திறப்பார். கூடத்துக் காவலர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நூறு மூஞ்சி'. எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருடைய புகார்.

எந்த நூற்றாண்டு என்று கேட்டால் கையை நீட்டுவார்: "அது சுவத்துல எழுதியிருக்கு." கிரேக்கக் கூடத்தில் நெஞ்சில் காயம்பட்டு விழும் வீரன் ஒருவன் இருக்கிறான், உதட்டில் புன்னகையோடு. அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே புன்னகையைச் செய்வார். உயிர் இருக்கிறது என்று காட்ட அந்தக் காலத்துச் சிற்பிகளுக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்ததோ என்னவோ, உறுதியாகச் சொல்ல ஆளில்லை என்பார். புத்தர் முன்னால் போனதும் இமைகளைப் பாதி தாழ்த்துவார். யாரும் சொல்லாமலே கூட்டத்தின் குரலும் தாழ்ந்துவிடும். புதிய பொருள் ஏதாவது வந்தால் பஸ்ஸிலேயே ஒத்திகை. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவதால் காலை நீட்டி உட்கார்ந்து போகலாம் என்பது கூடுதல் வசதி.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "கட்டிக்கிட்டது ஒருத்தியத்தான், ஆனா குடும்பம் ரொம்பப் பெருசு" என்று யாரிடமும் சொல்லிச் சிரிப்பவர்.

போன வருடம், மழை பெய்த ஒரு காலையில், வழிகாட்டி பல் துலக்கிக் கொப்பளித்த தண்ணீர் இடது வாயோரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தார். வலது பக்கம் அவருடையதாகவே இருந்தது. இடது பக்கம் துணிபோலத் தொங்கியது. சிரித்துப் பார்த்தார், பாதிதான் சிரித்தது. பதறிப்போன கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், எவ்வளவு சரியாகும் என்று மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"வலிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. ஒண்ணுமே தெரியல. வேற யாரோ கன்னத்த எம்மேல ஒட்ட வச்ச மாதிரி இருந்துச்சு" என்று அந்த நாட்களைப் பற்றி என்னிடம் சொன்னார்.

இடது கண் மூடாது. தூங்கப் போகும்போது மருந்து விட்டு, இமையை இழுத்து டேப் ஒட்ட வேண்டும். காபியை ஸ்ட்ரா வைத்துக் குடித்தார். ஒரு பக்கம் கரண்ட் போயிருக்கிறது, ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது, வந்துவிடும் என்று கணவர் ஒருநாள் தன் தொழில் பாஷையில் தேற்றினார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்த கணவரின் முகம் வாடியதையும் அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு கணவர் முன்னால் அவர் சிரிக்கவில்லை. கணவரும் வேடிக்கை பேசுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் சட்டி பானைச் சத்தம் மட்டும் கேட்டது.

வேலைக்குத் திரும்பியபோது, முகம் சரியாகும்வரை டிக்கெட் கொடுக்கலாமே என்றார் மேலதிகாரி. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் டிக்கெட் வாங்குகிறவர்களும் முகத்தைத்தானே பார்ப்பார்கள் என்று இவருக்குத் தோன்றியது. ஆள் வராத இடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக் கிடங்குக்குப் போனார். அங்கே காப்பாளர் ஒருவர், சன்னமாகப் பேசும் மனிதர், முகமூடிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தூரிகையும் பஞ்சும் எடுத்துக் கொடுப்பது இவர் வேலை.

ஒருநாள் காப்பாளர் ஜப்பானிய நாடக முகமூடி ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பூச்சு, மரத்தில் செய்த பெண்முகம். விளக்கின் கீழ் அதைச் சற்றே குனிய வைத்தார். முகம் துக்கத்தில் ஆழ்ந்தது. நிமிர்த்தினார், மலர்ந்தது. மரம் அப்படியேதான் இருந்தது, நகர்ந்தது நிழல். இன்னொரு தடவை காட்டச் சொன்னார் இவர். பிறகு இன்னொரு தடவை.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். வாசற்படியில் வந்து நின்ற கணவரைக் கேட்டார்: "இப்ப நான் எப்படி இருக்கேன், சொல்லுங்க."

"கோவமா இருக்க."

"இப்ப?"

"பசிக்குதுன்னு நெனக்கிறேன்."

இரண்டும் சரி. சாப்பாடு ஆறும்வரை அந்த விளையாட்டு ஓடியது. நடுவில் அவர் சிரித்தார், பாதியாகத்தான். கணவரின் முகம் இந்த முறை வாடவில்லை.

அடுத்த வாரம் வேறொரு முகமூடி மேசைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் செய்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை, வளைந்த மூக்கு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வாய். அவருக்குப் பழக்கமான முகம்தான். மேலே கூடத்தில் அது இருந்தவரை, அதன்முன் வாயைக் கோணிக் காட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் மல்லாந்து கிடந்தது. அவர் கண் நெற்றியில் நின்றது. நெற்றியின் ஒரு பாதியில் சுருக்கங்கள் வரிவரியாக வெட்டப்பட்டிருந்தன. வாய் தொங்கிய பக்கத்துப் பாதி மழமழவென்று இருந்தது. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான்.

காப்பாளரிடம் கேட்டார். நோய்ப்பட்டவரின் முகம் என்று அந்த மக்கள் சொல்வதாகவும், கஷ்டப்படுகிறவரைக் கேலி செய்யாதே என்று சொல்லும் ஆட்டத்தில் அதை அணிவதாகச் சிலர் எழுதியிருப்பதாகவும் காப்பாளர் சொன்னார். குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்துச் செய்ததா என்று சொல்ல வழியில்லை. அந்தப் பக்கத்துச் சுருக்கங்கள் தேய்ந்தும் போயிருக்கலாம் என்றார். இருவரும் டார்ச் அடித்துத் தேடினார்கள். மழமழப்பான பாதியில் உளித்தடமும் தெரியவில்லை, தேய்ந்த தடமும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செதுக்கியவன் யாரைப் பார்த்தான்? அண்ணனையா, பெண்டாட்டியையா, சந்தையில் போன யாரோ ஒருவரையா? அந்த ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தாரா, அவருக்குத் தெரியாமல் இவன் பார்த்து வைத்துக்கொண்டானா? இதையெல்லாம் காப்பாளர் ஒருவரிடமே எத்தனை தடவை கேட்பது? நாலு பேரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. முகமூடி மேலே போன அன்று, தானும் மேலே வருவதாக அதிகாரியிடம் சொல்லிவிட்டார்.

இப்போது முகம் முக்கால்வாசி பழையபடி ஆகிவிட்டது. இடது புருவம் மட்டும் ஏறாது. சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அதற்கு அர்த்தம் கற்பித்துக்கொண்டு பதிலுக்குக் கண்ணடித்த கிழவர் ஒருவரைப் பற்றிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

சென்ற மாதம் துணிக்கடை விற்பனைப் பெண்கள் விடுமுறை நாளில் கூட்டமாக வந்திருந்தார்கள். நானும் பின்னால் நடந்தேன். கோணல் வாய் முகமூடியைக் கண்டதும் முன்னால் நின்ற பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்தபடி வழிகாட்டியின் பக்கம் திரும்பியவள், அந்த ஏறாத புருவத்தை அப்போதுதான் கவனித்தாள். கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சிரிச்சா என்ன? இதச் செஞ்சவனும் சிரிச்சானா அழுதானா, யாருக்குத் தெரியும். நீங்க ஒரு தடவ செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் அவர்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி வாயை ஒரு பக்கமாக இழுத்தாள். மறு பக்கமும் கூடவே ஓடி வந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தி வைப்பது அவளால் முடியவில்லை.

"தொடலாமா?" என்று கேட்டார் வழிகாட்டி. அவள் தலையசைத்தாள். அவர் தன் இரண்டு விரல்களை அவளுடைய இடது கன்னத்தில் வைத்து, அது அசையாதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டார்.