அம்மாவின் கட்டைவிரல் துள்ளிய நாள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாசலில் நின்று உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னேன். அம்மாவின் வலது கை பல மாதங்களாக மரத்துப்போயிருந்தது. கட்டைவிரலில் பிடிப்பில்லாமல், கிள்ளும் தேயிலைக் கொழுந்து நழுவியது. நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று கொழும்பில் மின்சாரம் வைத்துப் பார்ப்பார்களாம். இல்லையென்றால் அம்மாவுக்கு மலையில் வேலை இல்லை.

ரயில் வட்டவளையைத் தாண்டியதும் அம்மா மடியிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், குளிரில் வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தேய்ப்பது கொழுந்தெடுக்கிற பெண்களின் வழக்கம். அன்று நானே தேய்த்துவிட்டேன்.

"கரண்டு ஆளத் தூக்கி எறிஞ்சிருமாமே?"

"அதெல்லாம் எறியாது. நான் இருக்கேன்ல" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

கொழும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கட்டைவிரலடியிலும் மணிக்கட்டிலும் சிறு தகடுகளை வைத்துக் கட்டினார். சுண்டிவிட்டதுபோல் இருக்கும், நொடியில் போய்விடும் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். சுவிட்சைத் தட்டினார். விரல் அசையவில்லை. மின்சாரத்தைக் கூட்டினார். அப்போதும் அசையவில்லை.

"செத்துப்போச்சா, புள்ள?" அம்மா என்னைத்தான் கேட்டாள்.

டாக்டர் அவள் தோலைத் தடவி, தன் விரலை முகர்ந்தார். கடிதத்தின் பின்பக்கத்தைப் படிக்கவில்லையா என்றார். எண்ணெய் பூசி வரக்கூடாதாம், மின்சாரம் தோலுக்குள் இறங்காதாம். லயமே வாய்பிளந்து கேட்ட பெருமையில் நான் தாளைத் திருப்பவே இல்லை. முகம் எரிய, சோப்பும் பஞ்சும் வாங்கி நானே துடைத்தேன்.

மறுபடி சுவிட்ச். கட்டைவிரல் துள்ளி உள்ளே மடங்கியது.

"பாத்தியா, நான் சொல்லாமலே கொழுந்து கிள்ளுது" என்று அம்மா சிரித்தாள்.

பிறகு கட்டைவிரலின் அடிச்சதையில் மெல்லிய ஊசி. மருந்து ஏற்றவில்லை, ஆனாலும் வலித்தது. விரலை மடக்கச் சொன்னதும் இயந்திரத்தின் ஒலிபெருக்கியில் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் சடசடத்தது. அது சதையின் சத்தம் என்று டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா விரலைத் தளர்த்தினாள், மழை நின்றது. மடக்கினாள், பெய்தது. போதும் என்று டாக்டர் சொல்லும்வரை அவள் விடவில்லை.

மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுகிறது, சாகவில்லை, சிறிய ஆபரேஷனில் சரிசெய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரயிலில் அதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

"திருப்பிப் பின்னாலயும் பாரு, படிச்ச புள்ள" என்றாள்.

திருப்பினேன். ஆபரேஷனுக்கு வர வேண்டிய நாள் அங்கேதான் இருந்தது.