மூடி திறக்கவில்லை

கல்யாணம் ஆன நாளிலிருந்து குழாய்க்காரர் வீட்டில் எந்த மூடியும் லேசில் திறந்ததில்லை. சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில், தலைவலித் தைலம் எதுவானாலும் அவர் கை பட்டுவிட்டால் அது குழாய் இணைப்புதான். தான் மாட்டிய குழாய்களில் ஒன்றுகூடச் சொட்டியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையின் பாரத்தைச் சுமந்தவள் அவர் மனைவி. தலைவலி வரும்போதெல்லாம் தைல டப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து தருவதற்குள் பாதித் தலைவலி போயிருக்கும். தைலம் நல்ல தைலம் என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அபிப்பிராயம்.

"மூடிக்கும் உங்களுக்கும் என்னங்க ஜென்மப் பகை?" என்று கேட்பாள்.

"சொட்டினா என் பேர் கெட்டுடும்."

"தைலம் எங்கங்க சொட்டும்?"

அடுத்த முறையும் அதே இறுக்கு இறுக்கி வைப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போடப் போனார். வலது கை வரவில்லை. சொல்ல வாயெடுத்தார், வாயும் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்ததில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கை மட்டும் வருவேனா மாட்டேனா என்று அடம் பிடித்தது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய கட்டடம் என்று குழாய்க்காரருக்குத் தோன்றியது. கட்டடத்தின் குழாய்வேலை வேறு படுமோசம், படுக்கையில் கிடந்தபடி அதையும் கவனித்திருந்தார்.

பிடித்துப் பிடித்து அழுத்தச் சொல்லி ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பினார்கள். "முப்பது வருஷம் ரெஞ்ச் பிடிச்ச கை. இப்ப பந்து பிடிக்கணுமாம்" என்று அதைக் கட்டில்மேல் போட்டார். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. குனிந்து எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் டீ போட சர்க்கரை டப்பாவை எடுத்தாள். முந்தின நாள் அவர் மூடி வைத்தது. சும்மா ஒரு விரல் பட்டதும் மூடி கழன்று வந்தது. இத்தனை வருஷமாக எந்த மூடியைத் திட்டினாளோ அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள், ஆனால் நன்றாக அழுதாள். அப்புறம் எழுந்து டீ போட்டாள்.

அவளுக்கு வேலை ஒரு குளிர்கிடங்கில். உறைந்த பெட்டிகள் வரும், போகும். கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டு, எது எங்கே போகிறது என்று சரிபார்ப்பாள். உள்ளே பேனாகூட எழுத மறுக்கும். வெளியே சாப்பாட்டு அறையில் உணவைச் சூடாக்க ஒரு மின்அடுப்பு உண்டு. அதன்மேல் 'பழுது' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். தாள் வெளுத்துப் போனபோது நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்துப் புதுத் தாள் ஒட்டியது. அதனால் அவள் சூடு தாங்கும் சாப்பாட்டு பிளாஸ்க் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். தினமும் காலையில் அவசர அவசரமாக எதையாவது அதில் கொட்டிக்கொண்டு ஓடுவாள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த குழாய்க்காரர் அதைக் கொஞ்ச நாள் பார்த்தார், பொறுக்கவில்லை.

"அப்படியா கட்டறது? நாளையிலேர்ந்து நான் கட்டறேன்."

அவர் கட்டும் முறையே தனி. முதலில் கொதிக்கிற வெந்நீரை பிளாஸ்கில் ஊற்றி மூடி வைப்பார். "குழாய்ல முதல்ல காத்தை எடுக்கணும், இதுல முதல்ல குளிரை எடுக்கணும்" என்பார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கும் சூப்பில் காயும் சோறுமாகக் கழுத்துவரை நிரப்புவார். இதெல்லாம் இடது கை வேலை. கடைசியில் பிளாஸ்கை இடது முழங்கையால் வயிற்றோடு அணைத்துப் பிடித்து, வலது கையைத் தூக்கி மூடிமேல் வைப்பார். அந்தக் கைக்கு அந்த ஒரு வேலைதான். பக்கத்தில் போனால், "நீ போய்த் தலை சீவு" என்று விரட்டுவார். தலை சீவுகிற சாக்கில் அவள் கண்ணாடியில் அவரைப் பார்ப்பாள். நெற்றி நரம்பு புடைத்திருக்கும். மூடி ஏதோ பேருக்குத் திரும்பும்.

முதல் நாள் பஸ்ஸில் போகும்போதே பை ஈரமாகிவிட்டது. பஸ் பாஸ், கைக்குட்டை, சீப்பு எல்லாம் சூப்பில் மிதந்தன. சாயங்காலம் வாசலிலேயே கேட்டார்.

"சொட்டுச்சா?"

"ஒரு சொட்டு இல்ல."

"சூடு?"

"நாக்கு பொத்துப்போச்சு."

கல்யாணத்துக்கு அப்புறம் அவள் சொன்ன பொய்களில் அதுதான் முதல் தரம். மறுநாள் முதல் அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு இறங்கி, மாடிப்படி திரும்புகிற இடத்தில் நிற்பாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து மூடியை இறுக்குவாள். கிரீச் என்று அது எலி மாதிரி கத்தும். திருட்டுத்தனம் செய்கிறவள் போல மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

இதற்கிடையில், அவருக்கு வேலை கொடுத்துவந்த கட்டடக் கான்ட்ராக்டர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்க வீட்டுக்காரர் இடத்துக்கு இன்னும் ஆள் போடாம வெச்சிருக்கேன். கை வருமா வராதா, இந்த மாசத்துக்குள்ள சொல்லிடும்மா."

குழாய்க்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடு" என்றார். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், "இன்னும் கொஞ்சம் பொறுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாள். கை வராவிட்டால் மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே காய்ந்துவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த மாசம் முடியப்போகிற சமயம். ஒரு காலை படித் திருப்பத்தில் வழக்கம்போல் மூடியைப் பிடித்தாள். அது அசையவில்லை. தன் மணிக்கட்டுதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திருகினாள். திறக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருகினாள். பசியில் கண் இருட்டியது.

"கொடுங்கக்கா" என்று வந்தான் பயில்வான். கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். அவன் உடம்புக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரியவில்லை, காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற ஆள். திருகித் திருகி முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"சூடா ஊத்தி மூடினா அப்படித்தாங்க்கா. உள்ள காத்து இழுத்துக்கும். இது கை வேலையே இல்ல."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தினமும் சூடாத்தான் ஊத்தறாரு. தினமும் இழுக்காத காத்து இன்னிக்கு மட்டும் எதுக்குடா இழுக்குது?"

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த கணமே அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. ரெஞ்ச் அடுப்படித் தொட்டிக்குக் கீழேதான் கிடக்கிறது. இடது கையால் அதைப் போட்டுத் திருகியிருந்தால்? பிளாஸ்கை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ரெஞ்ச் கடித்தால் பல் பதியும். வீட்டில் அது கடிக்காத குழாய் இல்லை, அந்தத் தழும்பு அவளுக்கு மனப்பாடம். மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஓரத்தில் சூப் காய்ந்து ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது. அவர் பிடிக்கிற மாதிரியே பிளாஸ்கை வயிற்றில் அணைத்துத் தன் வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். வாகு சரியாகப் பொருந்தியது, வலது கை பதித்த ரேகைதான்.

"பட்டறையில பெரிய ஸ்பேனர் இருக்கு, எடுத்துட்டு வரேன். ஒரே திருப்பு" என்று கிளம்பினான் பயில்வான்.

"தொட்டே, தொலைச்சுடுவேன்!"

அவன் நின்றான். "சாப்பிட வேணாமா?"

"வேணாம்."

"பசிக்கலையா?"

"உயிர் போகுது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பயில்வான் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து வைத்துவிட்டு மெதுவாக நகர்ந்தான். அக்காவுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று கிடங்கு முழுக்கச் சொன்னான். அன்று சாயங்காலம் வரை எல்லாரும் அவளிடம் தணிந்த குரலில் பேசினார்கள், அவள் தூக்க வேண்டிய பெட்டிகளையும் தூக்கி வைத்தார்கள். அவளும் தடுக்கவில்லை.

வீட்டில் குழாய்க்காரர் பையை வாங்கினார். கனத்தது. முகம் விழுந்துவிட்டது.

"சாப்பிடலையா? உப்பு கூடிப்போச்சா?"

"திறக்க முடியல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெஞ்ச் போட்டீங்களா?" என்று கேட்டாள். பதில் தெரிந்தும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"மூடிக்கு எவனாவது ரெஞ்ச் போடுவானா? பல் பதியாது?" தொழிலையே கேவலப்படுத்திவிட்ட மாதிரி முறைத்தார். அப்புறம் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலையில படியில சத்தம் வரலையேன்னு அப்பவே நினைச்சேன்."

"என்ன சத்தம்?"

"கிரீச்னு. திருப்பத்துல நின்னு இறுக்குவியே, அது."

"தெரியுமா உங்களுக்கு?"

"சுவத்துக்குள்ள சொட்டறதையே கேக்கறவன்மா நான்."

"அப்ப ஏங்க இத்தனை நாளா ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே." கதவைக் காட்டினார். "நீ போனதும் கதவுல காதை வெச்சுட்டு நிப்பேன். முதல்ல ரொம்ப நேரம் கத்தும். அப்புறம் அரை நேரமாச்சு. போன வாரம் ஒரு சின்ன முக்கல்தான். என் கை எதுவரைக்கும் வந்திருக்குன்னு எனக்கு வேற எப்படித் தெரியும்? அந்தப் பந்தா சொல்லும்?"

அவள் அவர் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கை அவள் விரல்களைத் திருப்பிப் பிடித்தது. வலித்தது. விடச் சொல்லவில்லை.

அவர்தான் நடப்பைப் பேசினார். "உள்ள சூப் வீணாப்போகுது."

"நீங்களே திறங்க."

முயன்றார். அவராலும் முடியவில்லை. "இறுக்கறதுதான் என் வேலை" என்று கண்ணியமாக ஒதுங்கிக்கொண்டார்.

அவள் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மழைக்காலத்திலிருந்து தட்டாத எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். தையல்காரர் கழுத்தில் டேப்போடு வந்து திறந்தார். பிளாஸ்கைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சிட்டாரா?"

"ஆரம்பிச்சிட்டாருங்க" என்றாள்.