வேன் அக்காவின் அணி இரண்டான கதை

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் வேன் அக்கா. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே பிள்ளைகளில் பாதிப் பேரை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராக மைதானத்துக்கு ஓட்டிவிடுவார். பின் சீட்டுக்கு அடியில் வலைப் பை நிறையப் பந்துகள். பிரேக் போட்டால் ஒன்றிரண்டு உருண்டு முன்னால் வந்துவிடும்.

அவர் கால்பந்து ஆடியதே இல்லை. மகள் ஆட ஆசைப்பட்டாள். பெண் பிள்ளைகளுக்கு அணியே இல்லை. யாராவது பொறுப்பெடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றது ஊர்க் கால்பந்து லீக். அக்கா கையைத் தூக்கிவிட்டார். முதல் வருஷம் ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாமல் ரெஃபரியோடு சண்டை போட்டார். மறு வருஷம் தெரிந்துகொண்டு சண்டை போட்டார்.

மகள் முன்னால் நின்று கோல் போடுவாள். பின்னால் கோலைக் காப்பது பெயிண்டர் வீட்டுப் பெண். ஆள் குள்ளம், ஆனால் அவளைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் பூட்டு என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டு பேரும் நகமும் சதையும். பூட்டு பிறந்தது ஜூலைக் கடைசியில், அக்கா மகள் ஆகஸ்ட் முதல் வாரத்தில். வருஷா வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே கேக்.

என் பெண்ணும் அந்த அணியில்தான் ஆடினாள். அதனால் அந்தக் கோப்பைப் போட்டியை நானும் கண்ணால் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு லீக் உண்டு. முதல்முறையாக இரண்டு லீகும் சேர்ந்து நடத்திய போட்டி அது. அக்கரைப் பிள்ளைகள் மைதானத்துக்குள் வந்ததும் பெற்றோர் பக்கம் சலசலப்பு.

“அந்தப் பொண்ணுக்குப் பதினொண்ணுன்னா எனக்குப் பதினெட்டு!” என்று ஒரு அம்மா கத்தினார்.

ஆறு கோல் வாங்கினோம். பூட்டு எகிறி எகிறிப் பார்த்தாள். கைக்கு மேலே போய்விட்டது பந்து. ஆனால் அவர்கள் யாரும் வயதை மறைக்கவில்லை. எங்கள் லீகில் ஜனவரி முதல் தேதியிலிருந்து வயதை எண்ணுவார்கள். அக்கரையில் அதற்கு முந்தைய ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, பள்ளி வகுப்புக் கணக்கில். அதனால் ஒரே பிரிவு என்று பெயர் இருந்தாலும் அவர்கள் பிள்ளைகள் ஐந்து மாதம் வரை மூத்தவர்கள். அந்த வயதில் ஐந்து மாதம் என்பது ஒரு சாண் உயரம்.

அக்கா விடவில்லை. லீக் செயலாளர் மருந்துக்கடை வைத்திருந்தார். அக்கா அங்கேயே போய் நின்றார்.

“சார், ரெண்டு லீகுக்கும் ஒரே கணக்கு வைங்க. இல்லேன்னா எங்க பிள்ளைங்களை எதுக்கு அனுப்புறீங்க, மிதிபடவா?”

“நியாயம்தாம்மா. கூட்டத்துல பேசுறேன்” என்றார் அவர்.

பேசினார். அக்கரை லீக் பெரியது, அவர்கள் மாற மாட்டார்கள். எனவே நாங்கள் மாறினோம். அடுத்த பருவத்திலிருந்து எங்களுக்கும் ஆகஸ்ட் கணக்கு. செய்தி வந்த அன்று பெற்றோரெல்லாம் அக்காவைப் பாராட்டினோம். அது தன் அணியை என்ன செய்யும் என்பது அவருக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஜூலைக்குள் பிறந்தவர்கள் மேல் பிரிவு. ஆகஸ்டிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் கீழ்ப் பிரிவு. பூட்டு அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம்.

மறுபடியும் மருந்துக்கடைக்கு ஓடினார்.

“சார், ஒரு வாரம்தான் வித்தியாசம். என் மகளையாவது மேல போடுங்க. சின்னவ பெரியவங்களோட ஆடுறதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

செயலாளர் இருமல் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். “உங்களுக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா. ஒரே கணக்கு வேணும்னு கேட்டது நீங்கதானே? எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?”

அக்கா கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

பூட்டின் அப்பாவிடம் சொல்லப் போனபோது அவர் யாருடைய வீட்டுக்கோ ஜன்னல் கம்பி தீட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் ஆகஸ்ட் நடுவுலன்னுதான் தேதி குடுத்தாரு அக்கா. எங்க அம்மணி அவசரப்பட்டு வந்துட்டா” என்று சிரித்தார். பிறகு பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டுவிட்டு அதையே கிண்டிக்கொண்டிருந்தார்.

மேல் அணிக்கு வேறு கோச், வேறு மைதானம், அதே நேரம். அக்காவால் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது. அந்த அணியில் ஏற்கெனவே ஒரு கோல்கீப்பர் இருந்தாள், வாட்டசாட்டமான பெண். பூட்டு அங்கே எல்லோரையும் விடச் சின்னவள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்கா அந்தக் கோச்சிடம் போய்க் கேட்டார். “நல்லாத்தான் பிடிக்கிறா அக்கா. கை எட்டலையே, நான் என்ன செய்ய?” என்றார் அவர். மூன்று வாரம் பூட்டு பயிற்சிக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

இங்கே கீழ் அணியில் நிலைமை தலைகீழ். அக்கா மகள் இப்போது பிரிவிலேயே மூத்தவள். பந்து அவள் காலுக்கு வந்தால் கோல்தான். அந்த வருஷம் இரு லீக் கோப்பையை நாங்கள் தூக்கினோம். எதிர்ப்பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன், ஜூலையில் பிறந்தவர்கள் என்றார்கள். எங்கள் பெற்றோர் கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. நானும்தான்.

வேனில் திரும்பும்போது அக்கா மகளிடம், “கலக்கிட்டேடி” என்றார்.

“நான் ஒண்ணும் பெருசா ஆடலைம்மா. அவங்கெல்லாம் குட்டிப் பசங்க” என்றாள் மகள். கோப்பை வேறு யாருடைய மடியிலோ இருந்தது.

அணியை விட்டாலும் பூட்டு காலையில் அதே வேனில்தான் பள்ளிக்குப் போனாள். முதலில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச விஷயம் குறைந்தது. பிறகு அவள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு பின்னால் போய்விட்டாள். அக்கா கண்ணாடியில் பார்ப்பார்.

போன மாதம் செயலாளரே அக்காவுக்குப் போன் செய்தார். மேலே இருக்கும் சம்மேளனம் சொல்லிவிட்டதாம், எல்லா லீகும் இனி ஜனவரி கணக்குக்கு மாற வேண்டுமாம். “உங்க பழைய அணி மறுபடி ஒண்ணாயிடும்மா. சந்தோஷம்தானே?”

மறுநாள் காலை பூட்டு வேனில் ஏறியதும் அக்கா அவளை நிறுத்திச் சொன்னார். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

“நல்லதுதான் ஆன்ட்டி. ஆனா எனக்கு இப்ப ஆடணும்னே தோணலை.”

பின்னால் காரில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அக்கா கியரைப் போட்டார்.