கண்ணையனுக்கு விழுந்த ஒரு வோட்டு

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் ஓர் ஊர், அந்த ஊருக்கு இரண்டு கண்ணையன்கள். ஒருவர் மில்லு கண்ணையன். ரைஸ் மில், இரண்டு லாரி, கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பு என்று வாழ்கிறவர். இன்னொருவன் அதே மில்லில் மூட்டை தூக்குகிற கண்ணையன். மூட்டை ஏற்றி ஏற்றி உச்சந்தலையில் ஒரு மயிர் இல்லாமல் தேய்ந்துபோனவன். முன்னவரைப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும். பின்னவன் வந்து நின்றால் வாசலில் இருக்கிறவர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

மூட்டை தூக்குகிற கண்ணையன் இருந்தது காலனியில். சோரியாங்குப்பம் போகிற ரோட்டிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும். ரோட்டைவிட இடுப்பளவு பள்ளத்தில் இருக்கிறது அந்தத் தெரு. மழைத்தண்ணீர் வெளியே போக ஒரு காலத்தில் இரண்டு வாய்க்கால் இருந்தன. கிழக்கு வாய்க்காலை, லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று மில்லு கண்ணையன் மண்ணடித்து மூடினார். மேற்கு வாய்க்காலின்மேல் கட்சிப் பிரமுகர் தமிழ்க்குமரன் கல்யாண மண்டபம் கட்டினார். அதன் பிறகு ஐப்பசி பிறந்தால் காலனியில் அடுப்பு கட்டில்மேல் ஏறிவிடும். மனிதர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். தண்ணீர் மட்டும் எங்கேயும் போகாது, தை மாதம்வரை வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

இந்த அழகில் எலெக்‌ஷன் வந்தது. ஒரு பக்கம் மில்லு கண்ணையன் நின்றார். இன்னொரு பக்கம் தமிழ்க்குமரன் நின்றார். காலனிக்காகவே பேசுகிற கட்சி ஒன்று உண்டு. அது இந்தத் தடவை தமிழ்க்குமரனோடு கூட்டணி. அதனால் வாய்க்கால் என்ற வார்த்தையையே அது மறந்துபோயிருந்தது.

"கெழக்க அடைச்சவனுக்குப் போடறதா, மேக்க அடைச்சவனுக்குப் போடறதா? வூட்ல பூந்த தண்ணிக்கு எந்தப் பக்கமா இருந்தா இன்னாவாம்?" என்றாள் கண்ணையனின் மனைவி சின்னபொண்ணு.

"அதான் கடேசில ஒரு பொத்தான் வெச்சிக்கிறாங்களே, யாருக்கும் இல்லன்னு. அதுல அமுக்கு."

"போன தடவ அமுக்கனேன். அது யாரப் போயித் தட்டிக் கேக்கும்?"

கண்ணையனும் இத்தனை வருஷத்தில் எல்லாச் சின்னத்திலும் அமுக்கிப் பார்த்துவிட்டான். அப்பாவுக்குப் பழக்கமான சின்னம், மில்லுக்காரர் சொன்ன சின்னம், கோபத்தில் ஒரு தடவை ஏதோ ஒரு சின்னம். பொத்தானை அமுக்குகிறபோது 'நம்ம ஆளு' என்று அவன் மனசு ஒருநாளும் சொன்னதில்லை.

எழிலரசன் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவன் காலனிப் பையன், கண்ணையனுக்குத் தூரத்து உறவில் மருமகன் முறை, தமிழ்க்குமரனின் கட்சியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவன்.

"மாமா, நீ எலெக்‌ஷன்ல நிக்கணும்" என்றான்.

சின்னபொண்ணு சிரித்தே விட்டாள். எழிலரசன் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். மிஷினில் இன்னொரு கண்ணையன் பெயரும் இருந்தால், மில்லு கண்ணையனுக்குப் போட வருகிற கிழடு கட்டைகளில் கொஞ்சம் பேராவது தடுமாறி இவன் பெயரில் அமுக்குவார்கள். அந்த அளவுக்கு அவருக்குக் குறையும். கண்ணையன் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் கட்சி பார்த்துக்கொள்ளும்.

"எனக்கு இன்னாத்துக்குடா இந்த வம்பு?"

"ஜெயிச்சா மண்டபத்துப் பின்செவுத்த ஒடைச்சி, பெரிய பைப்பு வெச்சி, தண்ணிக்கு வழி விட்டுடறேன்றாரு தமிழ்க்குமரன் சார். தெருவுக்கே நல்லது மாமா."

தன் ஒருவனுக்கு என்று எதைக் கொடுத்திருந்தாலும் கண்ணையன் போயிருக்க மாட்டான். தெருவுக்கு என்றதும் விழுந்துவிட்டான். கடன் வாங்கிய சட்டையில் போட்டோ எடுத்தார்கள். மனுவை அவர்களே எழுதினார்கள். சுயேச்சையாக அவனுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. வழுக்கைத் தலையனுக்குச் சீப்புச் சின்னம் என்று பாகூர் மார்க்கெட் வரைக்கும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

மனுவை வாபஸ் வாங்கும் தேதி முடிந்த மறுநாள் மில்லு கண்ணையன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடவில்லை. "எத்தினி வருஷமா என்கிட்ட இருக்கற கண்ணையா? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். அவ்வளவுதான். கண்ணையன் தலையில் போடுகிற சாக்குத் துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சிரிப்பு அத்தோடு நின்றுபோயிற்று.

அவன் எதிர்பார்க்காத ஒன்று காலனியில் நடந்தது. வேலை போன செய்தி தெரிந்ததும் சனங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. குழாயடியில் மணியம்மாள்தான் ஆரம்பித்தாள். "அவன் நமக்காவ நின்னு வேலைய உட்டான். நம்ம தெரு வோட்டு பூராவும் அவனுக்கே போட்டா இன்னா?" பக்கத்து வீட்டு லில்லி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எதிலும் முந்திப் பேசாதவள், அவள்கூட "போடலாம்" என்றாள். ஜெயிக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெயிப்பதா அங்கே பேச்சு? தண்ணீர் புகுந்த வீட்டில் படுத்தவன் ஒருத்தனுக்காவது போட்டோம் என்று இருக்கட்டுமே என்று நினைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் சுவரில் கரிக்கட்டியால் சீப்பு வரைந்தன. கண்ணையன் அதைத் துடைக்கவும் இல்லை, வரையாதே என்று சொல்லவும் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது அவனுக்கு.

இது தமிழ்க்குமரன் காதுக்குப் போயிற்று. எதிராளியின் வோட்டைப் பிரிக்க நிறுத்தியவன் தன் வோட்டையே தின்றுவிடுவான் போலிருக்கிறதே என்று அவருக்கு வேர்த்தது. மறுநாள் காலையில் நேராகக் காலனி மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிட்டார். தட்டில் கற்பூரம் எரிந்தது. தெருவே கூடி நின்றது.

"நான் சொன்னத நான் செய்வேன். நான் ஜெயிச்சா செவுத்த ஒடைக்கிறேன்" என்று அவர் முதலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்துச் சத்தியம் செய்தார். "என் வோட்டப் பிரிக்க மாட்டேன்னு இப்ப நீ சொல்லு கண்ணையா."

'நான் எனக்கு வோட்டு கேட்க மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் போதும். 'என் வோட்டு உங்களுக்கு' என்று சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் அத்தனை பேர் முன்னால், அம்மன் முன்னால், தெருவுக்கு வாய்க்கால் கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் அவனுக்கு நிதானம் தவறிவிட்டது. "எங்க தெருவுல என் பேருக்கு ஒரு வோட்டுகூட விழாதுங்க. இது சத்தியம்" என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்துவிட்டான். தன் விரலுக்குச் சத்தியம் செய்யலாம். ஊரார் விரலுக்கெல்லாம் சேர்த்துச் செய்த பைத்தியக்காரன் அவன் ஒருவன்தான்.

கற்பூரச் சத்தியம் அந்தத் தெருவில் விளையாட்டு இல்லை. அடித்தவன் குடும்பத்தையே அது பிடிக்கும் என்பார்கள். கண்ணையனின் மகள் இளவரசி அப்போது பிள்ளைத்தாய்ச்சியாக அபிஷேகப்பாக்கத்தில் புருஷன் வீட்டில் இருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் அவன் தெருவில் இறங்கிவிட்டான். மற்ற வேட்பாளர்கள் வோட்டுக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டு வந்த அதே தெருவில், இவன் வீடு வீடாகப் போய்த் தனக்கு வோட்டுப் போடாதீர்கள் என்று கும்பிட்டான்.

"நாங்க போடறோம்னு சொன்னா நீ வாணான்ற. இன்னா பொழப்புய்யா இது" என்று மணியம்மாள் அழுதாள். லில்லி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கற்பூரம்லாம் எங்களுக்கு இல்லண்ணா. ஆனா உன் பொண்ணுக்காவ நீ சொல்றபடியே போடறேன்."

எல்லா வீட்டிலும் கேட்டான். தன் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. கட்டினவளிடம் தனியாகக் கேட்கணுமா என்று இருந்துவிட்டான்.

வோட்டு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வரிசை. அந்த பூத் காலனிக்கு மட்டுமே ஆனது. உள்ளே மிஷின் முன்னால் போய் நின்று கண்ணையன் படங்களைப் பார்த்தான். மேலே தமிழ்க்குமரன் படம், அதற்கு அடுத்து மில்லு கண்ணையன் படம், வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தால் கீழே அவன். கடன் வாங்கிய சட்டை, வழுக்கைத் தலை, பக்கத்தில் சீப்பு. இத்தனை வருஷத்தில் எந்த எலெக்‌ஷனிலும் அவன் அப்படி ஒரு முகத்தை அந்த இடத்தில் பார்த்ததில்லை. தன்னுடைய முகம் என்பதற்காக இல்லை. தண்ணீரில் நின்ற முகம் அது ஒன்றுதான். விரல் தன்னால் சீப்புப் பொத்தான் பக்கம் போயிற்று. "இன்னும் ஆவலையா?" என்று அதிகாரி கேட்டார். மகளை நினைத்துக்கொண்டு தமிழ்க்குமரன் பொத்தானை அமுக்கினான். கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்று, கீழே விழுந்தது. வெளியே வந்தபோது, யாரையோ கைவிட்டுவிட்டு வந்தவனைப் போல் இருந்தது அவனுக்கு.

வோட்டு எண்ணிய அன்றைக்குத் தமிழ்க்குமரன் ஜெயித்தார். எண்ணுகிற இடத்தில் ஏஜென்டாக உட்கார்ந்திருந்த எழிலரசன் சாயந்திரம் தெருவுக்கு வந்தான். மாலை இல்லை, வெடி இல்லை, முகம் செத்துக் கிடந்தது.

"நம்ம பூத்துல சீப்புக்கு ஒரு வோட்டு" என்றான். "சார் எல்லாருக்கும் முன்னாடி கேட்டுட்டாரு. ஒண்ணுகூட விழாதுன்னுதான சத்தியம்? ஒடைச்சது உங்க ஆளு, இனி அந்தச் சத்தியம் என்னக் கட்டாதுன்னுட்டாரு. செவுத்துல கை வெக்க மாட்டாராம்."

தமிழ்க்குமரனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அது கையில் கிடைத்துவிட்டது என்று கண்ணையனுக்குப் புரிந்தது. அந்த ஒரு வோட்டு விழாமல் இருந்திருந்தாலும் அவர் வேறு எதையாவது தேடியிருப்பார். ஆனால் சனங்கள் அவரைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஒரு விரல் யாருடையது என்றுதான் பேசினார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி லில்லி வீட்டு வாசலில் போய் நின்றது.

"அவளுக்குத்தான் கற்பூரம் கெடையாதே. அவளுக்கு இன்னா பயம்?" என்றாள் ஒருத்தி. லில்லி மாதாமேல் ஆணையிட்டாள். யாரும் கேட்பதாக இல்லை.

கண்ணையன் வீட்டுக்குள் வந்தான். சின்னபொண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கேட்கிற சத்தத்துக்கெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீயாடி?"

"நாந்தான். வேணும்னு செய்யல. அவங்க ரெண்டு பேர்லதான் அமுக்கணும்னுதான் போனேன். உன் மூஞ்சி கீழ இருந்திச்சி. அத உட்டுட்டு, நம்ம வூட்ட முழுக வெச்சவனுக்கு எப்பிடிய்யா போடறது? கற்பூரம் அடிச்சது நீ. நான் அடிக்கலையே. என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லைதான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவன் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் வந்ததை இவள் செய்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைப் பிடித்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அதற்கு நேரம் இல்லை. வெளியே லில்லியின் கதவில் எவனோ கல்லெறிந்தான்.

"நான் போயி சொல்லிடறேன்" என்று அவள் எழுந்தாள்.

"உக்காரு. உன்ன இந்தத் தெரு வாழ உடாது."

"அப்ப லில்லிய உடுமா?"

அவன் வெளியே போனான். கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, "லில்லிய உடுங்க. எனக்கு நாந்தான் போட்டுக்கினேன்" என்றான்.

மணியம்மாள் கிட்டே வந்து அவன் முகத்தையே பார்த்தாள். "எங்க எல்லாரையும் போடாதன்னு காலப் புடிச்சிட்டு, நீ மட்டும் போட்டுக்கினியா?"

"ஆமா."

"பெத்த பொண்ணு வயித்துல இருக்கறத நெனச்சியாடா பாவி?"

தலையைக் குனிந்துகொண்டான். சின்னபொண்ணு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசாதே என்று அவன் கையால் காட்டினான். கூட்டம் மெல்லக் கலைந்தது. லில்லி மட்டும் கலையாமல் நின்று, அவனையும் சின்னபொண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இளவரசிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு உயிரும் சுகம். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று தெரு சொன்னது. தெரு மன்னிக்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வழக்கம்போல் வாசல் ஏறி, அடுப்பு ஏறி, கட்டில் காலைப் பிடித்தது. சனங்கள் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போகிற வழியில் மில் இருந்தது, மண்டபம் இருந்தது. இரண்டையும் ஒருவரும் திட்டவில்லை. கண்ணையனைத்தான் திட்டிக்கொண்டு போனார்கள்.