புரோட்டா மாஸ்டரின் முதல் டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சூளையின் கதவைத் திறந்தவள், 'அய்யய்யோ' என்று கத்தியே விட்டேன்.

உள்ளே வெடி வைத்த மாதிரி இருந்தது. நடு அடுக்கில் இருந்த ஒரு டம்ளர் சுக்குநூறாகச் சிதறிக் கிடந்தது. போகிற போக்கில் பக்கத்தில் இருந்த ஒரு சாப்பாட்டுத் தட்டு போன்ற மண் தட்டின் ஓரத்தையும் உடைத்திருந்தது. யாருடைய டம்ளர்? பார்க்கவே தேவையில்லை... ஆனாலும் பார்த்தேன். நம் மாஸ்டருடையதேதான்!

மாஸ்டர் யார் என்று சொல்லவில்லையே. முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் மண்பாண்ட வகுப்பு எடுக்கிறேன் என்று முன்பே இங்கே பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வகுப்புக்கு ஒரு நாள் சாந்தி என்ற பெண்மணி தன் கணவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார். கணவர் பெயர் ஏழுமலை. புரோட்டா மாஸ்டர். சொந்தக் கடை. நுரையீரலில் கோளாறு, இனிமேல் அடுப்புப் புகை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடை இப்போது மகன் கையில்.

"வூட்ல சும்மா குந்திக்கினு செவுத்தையே பாத்துக்கினு இருக்காரு மேடம். பேச்சே இல்ல. கைக்கு எதனா வேலை குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார் சாந்தி.

ஏழுமலை என்னைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார்: "இதுவும் வரலைன்னா வுட்டுடணும். அப்புறம் என்னை எங்கயும் இஸ்துக்கினு போவக் கூடாது, ஆமா."

சரி என்று ஒரு உருண்டை களிமண்ணைக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டார்! "எண்ணெய் எங்கம்மா?" என்றார். எண்ணெயா? நான் திரும்புவதற்குள் மண்ணை மேஜையில் தட்டிப் பரப்பி, தூக்கி, காற்றில் ஒரு வீசு வீசினார் பாருங்கள்... மண் வேட்டித் துணி மாதிரி விரிந்தது. மடித்தார், சுருட்டினார், ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வகுப்பே கைதட்டியது.

நான் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டேன். களிமண்ணைப் பிசைவது எதற்கு? உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றுவதற்கு. புரோட்டா மாவை வீசுவது எதற்கு? அடுக்கு அடுக்காகக் காற்றை உள்ளே வைப்பதற்கு. இரண்டும் நேர் எதிர். அடுக்குகளுக்குள் காற்றும் ஈரமும் மாட்டிக்கொண்டால் சூளைச் சூட்டில் 'டமார்'தான்.

"மாஸ்டர், வீசாதீங்க!" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! கிளாஸ் எடுப்பவள் நான், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவது அவரை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? "சரிம்மா, சரிம்மா" என்பார். நான் அந்தப் பக்கம் போனதும் ஒரு வீசு வீசிவிடுவார். வேண்டுமென்றே இல்லை, பாவம். கை கேட்கவில்லை.

அப்படி உருவானதுதான் அந்த டம்ளர். "கடையில ஊருக்கே டீ ஆத்திக் குடுத்தா. இவ ஒரு நாள் குந்தி டீ குடிச்சிப் பாத்ததில்ல. இது இவளுக்கு" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். சாந்திக்கு வெட்கம் தாங்கவில்லை.

இப்போது அது துண்டு துண்டாக ஒரு முறத்தில் கிடக்கிறது. இருவரும் படியேறி வருகிறார்கள்.

ஏழுமலை முறத்தைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்தார். உடைந்த இடத்தில் மண் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தது. சாந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது... லேயர் லேயரா வந்திருக்குது!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

"பரவாயில்லைங்க மாஸ்டர், முதல் தடவை எல்லாருக்கும் ஆகிறதுதான்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"கடையில பையனும் இதாம்மா சொல்றான். 'பரவால்லப்பா, நான் பாத்துக்கறேன், நீ போய் ரெஸ்ட் எடு'ன்றான்." துண்டை முறத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். "வா சாந்தி, போவலாம்."

மறுபடியும் ஒரு 'பரவாயில்லை'யா சொல்வது?

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க போறீங்க முசியே?"

மதாம்! வகுப்பில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்; ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர், ஆண்களை 'ஐயா' என்பதற்குப் பதில் 'முசியே' என்பார். ஓரம் உடைந்த தட்டுக்குச் சொந்தக்காரர். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி வைக்க ஆசை ஆசையாகச் செய்த தட்டு அது.

"உங்க டம்ளர் வெடிச்சிது, சரி. என் தட்டு என்ன பாவம் பண்ணிச்சி? மேடம் பரவாயில்லைன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன்! புதுத் தட்டு பண்ணிக் குடுத்துட்டு அப்புறம் வூட்டுக்குப் போங்க."

ஏழுமலை செருப்பில் விட்ட காலை வெளியே எடுத்தார். "எந்த சைஸும்மா?" என்றார். கடையில் பார்சல் கேட்டவரிடம் பேசுகிற அதே குரல்!

நானும் ஒரு காரியம் செய்தேன். மேஜை எதிரில் அவரை நிற்கவே விடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தேன். உட்கார்ந்துகொண்டு எப்படி வீசுவது? ஒரு முறை கை மேலே போனது. மதாம் தொண்டையைச் செருமினார். கை இறங்கிவிட்டது. மதியம் வரை அமுக்கி அமுக்கிப் பிசைந்தார். தட்டு வட்டமாக வரவில்லைதான். மதாம் அதைச் சுட்டிக்காட்டித் திட்ட, அவர் பதிலுக்கு முனக... சாந்தி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசுகிறாரே மனுஷன்!

ஆறுதல் சொல்கிற நாம் நல்லவர்கள்தான். ஆனால் பாருங்கள், நம்முடைய ஆறுதல் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. தட்டைக் கேட்டுச் சண்டை போட்டவர்தான் உட்கார வைத்தார்.

தட்டு இன்னும் நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. சூளையில் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. மறுபடி வெடித்தாலும் வெடிக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சாந்தியிடமிருந்து போன். "மேடம், இன்னைக்கு கிளாஸ் இருக்குதா? சட்டையைப் போட்டுக்கினு ரெடியா குந்தியிருக்காரு, சொன்னா கேக்க மாட்டேன்றாரு."

இன்று செவ்வாய்க்கிழமை.